முதலில் குனியுங்கள்

மரம் பார்க்கச் சொன்னால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். கழுத்து வலிக்கும், வெயில் கண்ணில் அடிக்கும், எங்கேயோ உயரத்தில் பச்சையாக ஏதோ அசைவது தெரியும். அவ்வளவுதான். பூங்காவில் மரங்களை அடையாளம் காணும் நடைக்குப் போனபோது, எங்களைக் கூட்டிப்போன பெண் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தையே, "எல்லாரும் கீழே பாருங்க" என்பதுதான்.

நான் கணக்கெழுதியே காலம் கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகு தங்கை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் தினமும் நடக்க வைக்கிறாள். அவளுக்குக் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் காட்டுகிற அடிக்கணக்கு முக்கியம். 'மர நடை' என்று போட்டிருந்ததால் இதற்கும் அவள் நம்பி வந்துவிட்டாள். அரை மணி நேரம் ஆகியும் நாங்கள் முதல் மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தோம். "அக்கா, இதுக்குப் பேரு நடையா?" என்று என் காதில் முணுமுணுத்தாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் இந்த மாதிரி நடைகளில் எவ்வளவு குறைவாக நகர்கிறோமோ அவ்வளவுக்கு லாபம். ஒரே சுற்றில் ஐம்பது மரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடுகிறவர்களோடு போனால் வீட்டுக்கு வரும்போது ஒன்றுகூட நினைவில் இருக்காது.

சரி, கீழே என்ன இருந்தது? காய்கள். நீளமாக, கறுப்பாக, கட்டை மாதிரி கெட்டியாக, முழங்கை நீளத்துக்கும் மேலே ஒரு காய். அதிலிருந்து பத்தடி தள்ளி, விரல் நீளத்தில், தட்டையாக, செம்புப் பழுப்பு நிறத்தில் இன்னொரு வகை. வழிகாட்டிப் பெண் இரண்டையும் எடுத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப மேலே பாருங்க" என்றாள். மேலே இரண்டு மரம். இரண்டிலும் பூ இல்லை. இரண்டுக்கும் இலை மெல்லிசாக, சல்லடை போட்டது போல. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஜாதி என்றுதான் சொல்லத் தோன்றும். நீளக்காய் குல்மொகருடையது, மடகாஸ்கரிலிருந்து உலகம் முழுக்கப் போன மரம். செம்புக் காய் பெருங்கொன்றையுடையது. பூக்கும் பருவத்தில் ஒன்று சிவப்பு, இன்னொன்று மஞ்சள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பூ இல்லாத நாட்களில் காயைத்தான் கேட்க வேண்டும். காயும் இல்லையென்றால் துளிர் இருக்கிறது. பெருங்கொன்றையின் இளங்கிளை நுனியும் மொட்டுக் காம்பும் துருப்பிடித்த நிறத்தில், தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். குல்மொகரின் துளிர் வெறும் பச்சை.

கீழே கிடப்பதை வைத்து முடிவு கட்டும்போது ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள். ஒன்றிரண்டு காய் கிடந்தால் நம்பக் கூடாது. காற்று கொண்டு வந்திருக்கும், அணில் போட்டிருக்கும், துப்புரவு செய்கிறவர் தள்ளிவிட்டிருப்பார். நிறையக் கிடந்தால்தான் அது மேலே நிற்கும் மரத்துடையது. அதே போல எதையும் மரத்திலிருந்து பறிக்கக் கூடாது, வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது. விழுந்த சுள்ளி, விழுந்த இலை, விழுந்த பூ, இவை போதும். உண்மையிலேயே போதுமாகத்தான் இருந்தது.

இனி, அன்றைக்குக் கற்றதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இலை என்றால் எது?

வேப்பஞ்சுள்ளி ஒன்றைக் காட்டி, "இதுல எத்தனை இலை இருக்கு?" என்று கேட்டாள். ரம்பப் பல் விளிம்போடு, கொஞ்சம் அரிவாள் போல வளைந்து, வரிசையாக நிற்கிறதே, அதை ஒவ்வொன்றாக எண்ணி ஒருவர் பதின்மூன்று என்றார். இன்னொருவர் திருத்தி பதினான்கு என்றார். விடை ஒன்று. நாம் வேப்பிலை என்று கிள்ளுவதெல்லாம் சிற்றிலைகள். அத்தனையும் சேர்ந்த அந்த முழு ஈர்க்கும்தான் ஒரு இலை. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் கூட்டிலை என்று படித்ததுதான். படித்து மதிப்பெண் வாங்கியாகிவிட்டது, ஒரு மரத்திலும் அதைப் பார்த்ததில்லை.

எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் சுவையான பகுதி. இலைக்காம்பு கிளையோடு சேருகிற மடிப்பில் உற்றுப் பார்த்தால் ஒரு குட்டி மொட்டு இருக்கும். கோணமொட்டு என்பார்கள். இலை இருக்கிற இடத்தில் மொட்டு இருக்கும், சிற்றிலை ஒட்டியிருக்கும் இடத்தில் இருக்காது. அவள் ஒரு கைலென்சை எல்லோருக்கும் சுற்றிவிட்டாள். என் முறை வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு, லென்சைக் கண்ணோடு ஒட்டி, சுள்ளியை அதன் அருகில் கொண்டுவந்தேன். சிற்றிலைகளின் அடியில் மழமழவென்று ஒன்றுமில்லை. ஈர்க்கு கிளையைத் தொடுகிற மூலையில், கடுகில் பாதிகூட இருக்காது, பழுப்பாக ஒரு முண்டு உட்கார்ந்திருந்தது. அந்த இலை உதிர்ந்தால் அங்கிருந்துதான் அடுத்த கிளையோ பூவோ கிளம்பும். வரவு எங்கே, செலவு எங்கே என்று தெரிந்தபிறகு பேரேடு படிக்கிற மாதிரி, அதற்குப் பிறகு எந்தச் சுள்ளியை எடுத்தாலும் எனக்கு ஒரு ஒழுங்கு தெரிந்தது.

இந்த ஒரு விதியே ஒரு பழைய சண்டையைத் தீர்த்துவிடும். சுவரோரமாக ஒல்லியாக, நெட்டையாக, கிளையெல்லாம் கீழ்நோக்கித் தொங்க வரிசையாக நிற்கும் மரத்தை ஊரே அசோகா என்று சொல்லும். அந்தப் பூங்காவிலும் அப்படித்தான் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அது நெட்டிலிங்கம். நீண்ட ஒற்றை இலை, விளிம்பு அலையலையாக நெளிந்திருக்கும், ஒவ்வொரு இலையின் அடியிலும் மொட்டு. நிஜமான அசோகம் கூட்டிலை மரம். ஒரு ஈர்க்கில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். புதுத்துளிர் செம்புச் சிவப்பில், உயிரே இல்லாததுபோல் துவண்டு தொங்கும். பூ ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்தாக வரும். அந்த நிறம்கூட இதழுடையது இல்லையாம். அசோகப் பூவுக்கு இதழே கிடையாது, நாம் பார்ப்பது பூவின் வெளியடுக்கான புல்லிவட்டத்தை. பூங்காவின் இன்னொரு மூலையில் அசோகம் ஒன்று பலகையே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. இரண்டின் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும், இரண்டுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்றுதான் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

குல்மொகர் இலையும் அப்படித்தான், ஒன்றுதான். ஆனால் அதில் ஈர்க்கு கிளைத்து, அந்தக் கிளை ஒவ்வொன்றிலும் சிற்றிலைகள். இரட்டைக் கூட்டிலை. விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து நான் பெருக்கிப் பார்த்தேன், விடவில்லை. ஒரு பக்கக் கிளையில் எத்தனை ஜோடி, மொத்தம் எத்தனை பக்கக் கிளை என்று. ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரே ஒரு இலையில்! தங்கை கடிகாரத்தைக் காட்டி, "நான் இன்னும் ஆயிரம் அடிகூட நடக்கலை, உனக்கு ஆயிரம் இலை ஆயிடுச்சு" என்றாள். அது ஒரு இலைதான் என்று நான் திருத்தினேன். முறைத்தாள்.

அடுத்தது இலைகள் கிளையில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வந்தால் மாற்றடுக்கு. நேருக்கு நேர் இரண்டிரண்டாக நின்றால் எதிரடுக்கு, தேக்கு அப்படி. ஒரே கணுவில் பல இலைகள் சுற்றி நின்றால் வட்ட அடுக்கு. ஏழிலைப்பாலையில் இதைப் பார்ப்பது எளிது. பெயரில் ஏழு இருந்தாலும் நான்கும் வரும், ஒன்பதும் வரும். முன்னொரு காலத்தில் அந்த மரத்துப் பலகையைப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் அறிவியல் பெயரான அல்ஸ்டோனியா ஸ்காலரிஸில் அந்தப் பள்ளிக்கூடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாற்றடுக்கா எதிரடுக்கா என்று பார்த்துவிட்டால் பாதி மரங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எது இல்லை என்று தெரிவதே பெரிய விஷயம் என்று அந்தப் பெண் அடிக்கடி சொன்னாள்.

ஆலமரத்தடியில்தான் எல்லோரும் உட்கார்ந்தோம். விழுதைப் பார்த்தால் ஆல் என்று சொல்ல யாருக்கும் பாடம் வேண்டாம். ஆனால் விழுது விடாத ஆலினங்களும் ஏராளம். அவற்றை எப்படிப் பிடிப்பது? கிளை நுனியைக் காட்டினாள். ஊசி மாதிரி கூராக ஒரு உறை, அதற்குள் அடுத்த இலை சுருண்டு மடிந்து படுத்திருக்கிறது. இலை விரியும்போது அந்த உறை கழன்று விழுந்துவிடும். விழுந்த இடத்தில் கிளையைச் சுற்றி முழு வட்டமாக ஒரு தழும்பு நிற்கும். விரலால் தடவினால் நகத்தில் தட்டுப்படும். கிளை நெடுக ஒவ்வொரு கணுவிலும் அந்த வளையம். இதோடு காம்பை ஒடித்தால் பாலும் வந்தால், ஆல், அரசு, அத்தி, இச்சி என்று அந்தக் கூட்டத்தில் தேடலாம். பலாவும் அதே குடும்பம், அதற்கும் இரண்டும் உண்டு. பால் மட்டும் வந்தால் போதாது; ஏழிலைப்பாலைக்கும் பால் உண்டு, வளையம் கிடையாது. வளையம் மட்டும் இருந்தாலும் போதாது. செண்பகத்துக்கு வளையம் உண்டு, பால் கிடையாது. இரண்டும் சேர வேண்டும். இந்த மாதிரிச் சரிபார்ப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சாட்சியை நம்பிக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

ஆலம்பழத்தைப் பிட்டுக் காட்டி, பூவெல்லாம் இதற்குள்தான் என்றாள். வெளியே பூத்ததே தெரியாது. பழத்தின் நுனியில் இருக்கும் சின்னத் துவாரம் வழியாக உள்ளே நுழைகிற குட்டிக் குளவிதான் மகரந்தம் கொண்டுவருகிறது. ஒவ்வொரு ஆலினத்துக்கும் பெரும்பாலும் அதற்கென்றே ஒரு குளவியினம். கூட்டத்தில் இருந்த ஒரு பையன் அதற்குப் பிறகு அரைமணி நேரம் ஆலம்பழங்களையே பிட்டுக்கொண்டிருந்தான்.

அவன்தான் இன்னொரு நல்ல கேள்வியும் கேட்டான். ஒரு மரத்தில் யாரோ கத்தியால் பெயர் செதுக்கியிருந்தார்கள். மரம் வளர்ந்தால் இந்தப் பெயரும் மேலே போய்விடுமா? பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் 'போகும்' என்று தலையாட்டினார்கள். போகாது. மரம் உயருவது கிளை நுனிகளில் மட்டும். தண்டு பருக்கும், உயராது. மார்பு உயரத்தில் அடித்த ஆணி இருபது வருஷம் கழித்தும் மார்பு உயரத்தில்தான் இருக்கும். பட்டை அதை விழுங்கியிருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் மரத்தின் சுற்றளவை எப்போதும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் அளக்கிறார்கள், இந்தியாவில் 1.37 மீட்டரில். அவள் நாடாவைக் கொடுத்ததும் பையனும் அவன் அப்பாவும் ஒரு தூங்குமூஞ்சி மரத்தைக் கட்டிப்பிடித்து அளந்தார்கள். சுற்றளவை வைத்து வயசு சொல்ல முடியுமா என்றால், நம்பிச் சொல்ல முடியாது. தண்ணீர் கிடைத்த மரம் மளமளவென்று பருத்துவிடும்.

தூங்குமூஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சிற்றிலைகள் மாலையில் ஜோடி சேர்ந்து மடிந்துகொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் பகலிலேயே மடியும். சிற்றிலையின் அடியில் கொஞ்சம் வீங்கின மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. அதிலுள்ள செல்களில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும்தான் இலையைத் திறந்து மூடுகிறது. லென்சில் அந்த மூட்டு நன்றாகவே தெரிந்தது.

பட்டையைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை, அது சரிதான் என்று எனக்கும் பட்டது. புதிதாகக் கற்கிறவர்களுக்குப் பட்டை கை கொடுக்காது. இளமரத்துக்கு ஒரு மாதிரி, கிழமரத்துக்கு ஒரு மாதிரி. சில மரங்கள் விதிவிலக்கு. மரமல்லியின் பட்டை தக்கை மாதிரி, அழுத்தினால் மெத்தென்று இருக்கும். நீர்மருதின் பட்டை வெளிறிப் போய், தகடு தகடாக உரிந்து வழவழவென்று நிற்கும். நீர்மருதுக்கு இன்னொரு ரகசிய அடையாளமும் உண்டு. இலையும் காம்பும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் மரு மாதிரி இரண்டு சுரப்பிகள். தெரியாதவர்கள் பூச்சி முட்டை என்று தட்டிவிடப் பார்ப்பார்கள். கீழே ஐந்து இறக்கை வைத்த கட்டைக் காயும் கிடந்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

புங்க மரத்துக்கு அவள் சொன்ன அடையாளம் வேடிக்கையானது. பளபளவென்று இருக்கும் அந்தச் சிற்றிலைகளில் கெட்டுப்போனதைத் தேடச் சொன்னாள். வெள்ளைத் திட்டு போட்டது ஒன்று, மேல்பக்கம் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்தது ஒன்று. திட்டு, இலைக்குள் சுரங்கம் வெட்டும் புழுவின் வேலை. கொப்புளம், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை. புங்க மரம் அதற்காகச் செத்துப்போவதில்லை. நோயை வைத்து ஆளை அடையாளம் சொல்வது மருத்துவமனையில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

தேக்கின் இளம் இலையைக் கசக்கினால் விரல் சிவக்கும். இதைப் படித்தால் ஒரு வரி. செய்து பார்த்தால் அன்றைக்கு முழுக்க விரலில் இருக்கும்.

ஒரு இளைஞர் கைபேசியை நீட்டி, செயலி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் இப்போது ஐநேச்சுரலிஸ்ட் பயன்படுத்துகிறேன். 2008இல் அமெரிக்காவில் மாணவர்கள் சிலர் படிப்பின் இறுதி வேலையாகத் தொடங்கியது அது. ஆனால் செயலிக்கும் எதைக் காட்ட வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முழு மரத்தையும் தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் அது என்ன செய்யும்? இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், காம்பு கிளையோடு சேரும் இடம், காய், பட்டை என்று தனித்தனியாகக் கொடுத்தால் ஒழுங்காகப் பதில் வருகிறது. அப்போதும் அது சொல்லும் முதல் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மொட்டையும் அடுக்கையும் வைத்து நானே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வேன்.

அறிவியல் பெயர்களைக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப்பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு அவை பிடித்திருந்தன. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் தமக்குத் தெரிந்த செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைத்தார். முதல் சொல் இனக்கூட்டம், இரண்டாவது அந்த இனம். ஆல், அரசு, அத்தி மூன்றுக்கும் முதல் சொல் ஃபைகஸ்தான். வளையமும் பாலும் ஏன் மூன்றிலும் இருக்கின்றன என்று அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

நடை முடியப்போகும்போது, பின்வாசல் பக்கத்தில் ஒரு மரம். நடுத்தர உயரம், அடர்ந்த நிழல். வழிகாட்டிப் பெண் சுள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியலைங்கம்மா" என்றாள். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாள். அந்த இடத்தில்தான் அவள்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. பிறகு எங்களையே சொல்லச் சொன்னாள். தனியிலை. எதிரடுக்கு. பால் இல்லை. வளையம் இல்லை. விளிம்பில் பல் இல்லை. பூவோ காயோ வந்தால் படம் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மரம் தங்கையின் தினசரிச் சுற்றில் வருகிறது. இப்போதெல்லாம் அங்கே வந்ததும் அவளே நின்றுவிடுகிறாள், அடிக்கணக்கும் நின்றுவிடுகிறது. அவள் நாவல் என்கிறாள். நாவல் இலையில் விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு நரம்பு கரை கட்டின மாதிரி ஓடும். இதில் ஓடவில்லை என்கிறேன் நான். அப்படியானால் மருது என்கிறாள். இரண்டு மரு எங்கே, காட்டு என்கிறேன். "நீ என்னவாம் சொல்றே?" என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. நேற்று லென்சை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை.